வில்லன் கற்பனை, கொலை நிஜம்

கேள்வி: ரோம் நகருக்காக நடக்கும் போரைச் சொல்லும் ‘காம்ஃப் உம் ரோம்’ படத்தில் எவ்வளவு வரலாறு?

பதில்: ராபர்ட் சியோட்மாக் இயக்கி, 1968, 69-ல் இரு பாகங்களாக வந்த படம். பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனாக ஆர்சன் வெல்ஸ். மூலம், ஃபெலிக்ஸ் டான் 1876-ல் வெளியிட்ட ஜெர்மன் நாவல்.

எல்லாச் சூழ்ச்சிக்கும் சூத்திரதாரியான கெதேகஸ், நாவலாசிரியரின் கற்பனை. அந்தப் பெயரில் ஒரு செனட்டர் இருந்தார், அவ்வளவே. ஆனால் அமலசுந்தா நிஜம். தந்தையும் இத்தாலியை ஆண்ட கோத்திய மன்னருமான தியோடரிக் 526-ல் இறந்ததும் சிறுவனான மகனுக்காக ஆட்சி நடத்தியவர். பையனுக்கு ரோமானியப் படிப்பு எதற்கு, வாள் பிடிக்கக் கற்றுக்கொடு என்று கோத்தியப் பிரபுக்கள் அவனைப் பிரித்துக் கெடுத்தார்கள். 534-ல் அவன் இறந்தான். உறவினன் தியோடஹாடை நம்பி அரியணையில் பங்கு கொடுத்தார். அவனோ அவரைப் போல்செனா ஏரித் தீவில் சிறைவைத்தான். 535-ல் அங்கேயே கொல்லப்பட்டார். ஜஸ்டினியன் படை அனுப்ப அதுவே சாக்கானது.

537-ல் ரோமை முற்றுகையிட்ட கோத்தியர்கள் நீர்க்கால்வாய்களை வெட்டினார்கள். மாவு ஆலைகள் நின்றன. நகரைக் காத்த ஜஸ்டினியனின் தளபதி பெலிசாரியஸ் டைபர் ஆற்றில் படகுகளை ஜோடி ஜோடியாகக் கட்டி, நடுவே சக்கரம் பொருத்தி, நீரோட்டத்தில் மாவரைத்தார். கோத்தியர்கள் மரங்களையும் பிணங்களையும் மிதக்கவிட்டுச் சக்கரங்களை உடைத்தார்கள். அவர் குறுக்கே சங்கிலி கட்டித் தடுத்தார். முற்றுகைக்குள்ளேயே இருந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதிவைத்தது இது. படம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவருடைய போர் வரலாற்றைப் படியுங்கள். எந்தக் கெதேகஸும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.