ஒரே சைனாடவுன், மூன்று தாள்கள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களை மேக்ஸ்வெல் சாலையிலுள்ள சிங்கப்பூர் சிட்டி கேலரிக்கு அழைத்துப் போவேன். நகர மையத்தின் பெரிய மாதிரியைப் பார்த்ததும் எல்லாரும் கைபேசியை எடுத்துவிடுவார்கள். நான் காட்ட நினைப்பது வேறு.

ஒரு நிறுவனத்தின் அப்ளிகேஷன்கள், தரவுகள், சர்வர்கள் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று பதிந்து வைப்பது என் வேலை. என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்பார்கள். நகர மறுசீரமைப்பு ஆணையம் இதையே மண்ணில் செய்கிறது. சைனாடவுனை அதன் நீண்டகாலத் திட்டம் ஐம்பது ஆண்டுக் கண்ணோடு பார்க்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படும் பெருந்திட்டமோ, எந்த மனையில் என்ன கட்டலாம், மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்கிறது. பகோடா ஸ்ட்ரீட்டில் கடைவீடு வைத்திருப்பவருக்கு இரண்டும் போதாது. 1989இல் அந்தப் பகுதி மரபுப் பாதுகாப்புப் பகுதியாகிவிட்டதால், கூரை ஓடுகளையும் சன்னல்களையும் மாற்றலாமா என்பதற்குத் தனி விதிகளைப் பார்க்க வேண்டும்.

ஒரே இடத்துக்கு இப்படி மூன்று தாள்கள். மேல்தாளைப் பெரிதாக்கினால் கீழ்த்தாள் வந்துவிடாது. ஐபிஎம்மில் இருந்த ஜான் சாக்மன் 1987இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் அழுத்திச் சொன்னார்: வீட்டுக்காரர், வடிவமைப்பாளர், கட்டுபவர் ஆகியோரின் வரைபடங்கள் விவர அளவில் மட்டுமல்ல, தன்மையிலேயே வேறு.

ஆகவே நிறுவனத்தின் படத்தை வரையுமுன், அதைப் பார்க்கப் போகிறவர்களின் கேள்விகளைச் சேகரியுங்கள். இயக்குநர், எந்த அப்ளிகேஷனுக்குப் பணம் போடுவதை நிறுத்தலாம் என்பார். கணக்குப் பிரிவுத் தலைவர், மாதக் கடைசியில் எது நின்றால் தன் வேலை நிற்கும் என்பார். பொறியாளருக்கு எந்த வெர்ஷன், எந்த போர்ட் என்று தெரிந்தால் போதும். கேள்வியே இல்லாத தாளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வரைவதில்லை.

தாள்கள் பல, தரவுக்கிடங்கு ஒன்றுதான். அதில் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் மாறாத ஓர் எண் கொடுங்கள். கணக்குப் பிரிவு ஒரு பெயரும் ஐடி பிரிவு இன்னொரு பெயரும் சொல்லிக்கொண்டே இருக்கும். எண் ஒன்றாக இருந்தால் சண்டை குறையும். மேல்தாளை ஆண்டுக்கொருமுறை கூடிப் பேசித் திருத்தினால் போதும். சர்வர் பட்டியலைக் கையால் எழுதவே கூடாது, கருவி தானே திரட்டட்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் பொய்யாகிவிடும்.

பதவியைப் பார்த்துத் தாள்களைப் பூட்டாதீர்கள். சில இயக்குநர்கள் போர்ட் வரை தோண்டுவார்கள், தோண்டட்டும். ஐபி முகவரிகளும் பாதுகாப்பு அமைப்பும் மட்டும் விலக்கு. அவை வேலைக்குத் தேவைப்படுகிறவர்களுக்குத்தான், இயக்குநராகவே இருந்தாலும்.