பள்ளிக் கணிப்பொறியில் பதிவிறக்கம்: தடையும் தேவையும்

நம் நாட்டுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி 1984-85ஆம் ஆண்டில் ‘கிளாஸ்’ திட்டத்தின் வாயிலாக அறிமுகமாயிற்று. 2004 டிசம்பரில் மைய அரசு, பள்ளிகளுக்கெனத் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கியது.

ஒரே பொறியைப் பல மாணவர் பகிர்ந்துகொள்வதால், ஒருவர் இறக்கும் தீய நிரல் அனைவரின் பாடத்தையும் முடக்கக்கூடும். பொருளியலார் இதனைப் புறவிளைவு என்பர். ஆகவே கட்டுப்பாடு தேவையே.

ஆயினும், முழுத் தடை தீர்வாகாது. வீட்டில் கணிப்பொறியில்லாத மாணவர் மீதே அதன் சுமை விழும். மாணவர் கணக்கில் நிரல்களை நிறுவவும் இயக்கவும் உரிமை தராமை, பாட ஆவணங்களையும் படங்களையும் அனுமதித்தல், ஒவ்வொருவருக்கும் சேமிப்பு வரம்பு வகுத்தல் ஆகிய மூன்றும் நடுவழியாகும். பிற கோப்புகள் தேவைப்படின், ஆசிரியரே சோதித்து இறக்கித் தரலாம். மறுப்பின், காரணத்தை மாணவருக்கு விளக்குதல் வேண்டும்.