தீராத மூக்கடைப்பு: காரணமும் சிகிச்சையும்

தடிமன் வந்தால் மூக்கு அடைப்பதும், ஒரு வாரம் பத்து நாளில் அது தானாகத் திறப்பதும் வழமை. ஆனால் சிலருக்கு மாதக்கணக்கில் மூக்கு அடைத்தபடியே இருக்கும். இரவில் வாயால் மூச்சு விடுவர். காலையில் தொண்டை வரண்டிருக்கும். கறியின் மணம் தெரியாது. நித்திரை குழம்புவதால் பகலில் களைப்பு. இதை எம்மவர் "பீனிசம்" என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுவர். ஆனால் காரணங்கள் பல. காரணத்துக்கு ஏற்பவே சிகிச்சையும் அமையும்.

மூக்கு ஏன் அடைக்கிறது?

சளி மட்டும் காரணமல்ல. மூக்கின் உட்புறத்தில் குருதிக் குழாய்கள் நிறைந்த மென்மையான சவ்வு உண்டு. அது வீங்கும்போது காற்றுப் பாதை ஒடுங்குகிறது. எவ்வளவு சீறினாலும் மூக்குத் திறக்காதது இதனால்தான்.

முக்கிய காரணங்கள்

1. ஒவ்வாமை: தும்மல், நீர் வடிதல், கண் கடி ஆகியவை சேர்ந்து வரும். இங்கு பிரித்தானியாவில் மார்ச் கடைசி முதல் மே நடுப்பகுதி வரை மரங்களின் மகரந்தமும், அதன்பின் யூலை வரை புல்லின் மகரந்தமும் தொல்லை தரும். வருடம் முழுவதும் இருந்தால் மெத்தையிலும் காபெற்றிலும் வாழும் தூசி உண்ணியை நினைக்க வேண்டும். யன்னலைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் உடுப்புக் காயவிட்டால் ஈரம் கூடி, இவை பெருகும்.

2. புகையும் நெடியும்: சிகரெட், சாம்பிராணி, மிளகாய் வறுக்கும் புகை.

3. மூக்கின் அமைப்பு: நடுச்சுவர் வளைந்திருத்தல், உள்ளே சதை வளர்தல். சதை வளர்ந்தால் மணமும் குறையும். இவர்களுள் ஆஸ்துமா உள்ள சிலருக்கு அஸ்பிரின், இபுபுரோபென் ஒத்துக்கொள்ளாது.

4. சிறுவர்களில் மூக்கின் பின்னாலுள்ள அடினோயிட் பெருத்தல்.

அடைப்பைத் திறக்கும் ஸ்பிறேயே அடைப்புக்குக் காரணமாகலாம்

மூக்கடைப்போடு வருவோரிடம் நான் தவறாமல் கேட்பது: "கடையில் வாங்கி ஏதும் ஸ்பிறே அடிக்கிறீர்களா? எவ்வளவு காலமாக?" பலர் அதை ஒரு மருந்தாகவே எண்ணுவதில்லை. அதனால் தாமாகச் சொல்வதுமில்லை.

சைலோமெற்றசோலின், ஒக்சிமெற்றசோலின் உள்ள ஸ்பிறேகள் குருதிக் குழாய்களைச் சுருக்கி, சில நிமிடங்களில் மூக்கைத் திறக்கும். ஆனால் தொடர்ந்து பாவித்தால், மருந்தின் வேகம் குறைந்ததும் சவ்வு மீண்டும் வீங்கும். மறுபடி அடிப்பீர்கள், மறுபடி அடைக்கும். தலையணைக்கு அடியில் ஸ்பிறே இல்லாமல் நித்திரை வராத நிலை இப்படித்தான் உண்டாகிறது. எனவே ஐந்து நாட்களுக்கு மேல் வேண்டாம்.

ஏற்கெனவே பழகிவிட்டவர்கள் முதலில் ஒரு பக்கத்துக்கு நிறுத்தி, அது திறந்தபின் மறுபக்கத்துக்கும் நிறுத்தலாம். சில நாட்கள் கஷ்டமாக இருக்கும். ஓரிரு வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். இக்காலத்தில் ஸ்ரெரொயிட் ஸ்பிறே உதவும்.

"ஸ்ரெரொயிட்" என்று பயப்பட வேண்டுமா?

மூக்கினுள் அடிக்கும் ஸ்ரெரொயிட்டின் அளவு மிகச் சிறியது. உடலில் சேர்வதும் சொற்பம். ஒவ்வாமைக்கும் சதை வளர்ச்சிக்கும் இதுவே முதன்மையான மருந்து. இது உடனே மூக்கைத் திறக்காது. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை செல்லும். மூன்று நாளில் "சரிவரவில்லை" என்று விட்டுவிடாதீர்கள்.

பாவிக்கும் முறை: தலையைச் சற்று முன்னே குனியுங்கள். இடது மூக்குக்கு வலது கையாலும், வலது மூக்குக்கு இடது கையாலும் அடியுங்கள். இதனால் மருந்து நடுச்சுவரில் படாது; குருதி கசிவதும் குறையும். பலமாக உறிஞ்ச வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

• உப்பு நீரால் கழுவுதல்: கொதித்து ஆறிய ஒரு பைன்ற் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச் சோடாவும் கலக்கவும். பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

• ஆவி பிடிப்பது சற்று இதம் தரும், ஆனால் சிறுவர்களுக்கு வேண்டாம். சுடுநீர் கவிழ்ந்து எரிகாயம் ஏற்படும் ஆபத்து உண்டு.

• பூசும் தைலம் குளிர்ச்சியான உணர்வைத் தரும். வீக்கத்தைக் குறைக்காது.

• படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் 60 பாகை சூட்டில் கழுவுங்கள்.

• இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தடிமன் குளிசை வாங்குமுன் மருந்தாளரைக் கேளுங்கள். சில குளிசைகள் அழுத்தத்தைக் கூட்டும்.

தாமதிக்காமல் வைத்தியரிடம் செல்ல வேண்டியவை

ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து அடைத்தல், குருதி கலந்த சளி, கழுத்தில் கட்டி, ஒரு காதில் நீங்காத அடைப்பு, முகத்தில் விறைப்பு. இவை அரிதாகப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

கண்ணைச் சுற்றி வீக்கம் அல்லது பார்வை இரட்டையாகத் தெரிதல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிறு பிள்ளைக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றத்துடன் வடிந்தால், உள்ளே ஏதாவது பொருள் சிக்கியிருக்கலாம். அது பொத்தான் பற்றரியானால் சில மணி நேரத்திலேயே மூக்கை அரித்துவிடும்.

வைத்தியரிடம் போகும்போது நீங்கள் பாவிக்கும் ஸ்பிறே, குளிசை, தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். பல வேளைகளில் நோயின் காரணம் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும்.