லேப்டாப்புக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர்

அன்பு மருமகனே,

நேற்று போனில் நீ கேட்டதற்கு, "அப்புறம் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ரசம் பொங்கிக்கொண்டிருந்தது. பள்ளியில் கொடுத்த லேப்டாப்புக்கு அடியில் 'டைட்டில் 1' என்று ஒட்டியிருக்கிறது, அந்தப் பக்கத்துப் பள்ளிப் பையன்களின் லேப்டாப்பில் அப்படி இல்லை, நம் பள்ளி மட்டம் என்று அர்த்தமா என்று கேட்டாய். கேட்கும்போது உன் குரல் கொஞ்சம் இறங்கியது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த ஸ்டிக்கர், வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசின் பணத்தில் வாங்கியது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அமெரிக்க அரசியல் சாசனத்தை முழுக்கத் தேடினாலும் 'கல்வி' என்ற சொல் கிடைக்காது. பள்ளிக்கூடம் மாநிலத்தின் பாடு. மாநிலம் அதை அந்தந்த ஊரின் பள்ளி மாவட்டத்திடம் விட்டிருக்கிறது. உன் அப்பா வீட்டு வரி நோட்டீஸைப் பார்த்து முணுமுணுப்பானே, அதில் பெரிய பங்கு பள்ளிக்குத்தான் போகிறது. நாடு முழுக்கப் பார்த்தால் பள்ளிச் செலவில் வாஷிங்டன் தருவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். மீதியை மாநிலமும் ஊரும் ஏறக்குறையச் சரிபாதியாகச் சுமக்கின்றன.

பத்தில் ஒன்றுக்கா இத்தனை ஸ்டிக்கர் என்பாய். நம் டெக்சஸில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்.

சான் ஆன்டோனியோவில் எட்ஜ்வுட் என்று ஒரு பள்ளி மாவட்டம். அங்கே பெரும்பாலும் மெக்சிகோ வழிக் குடும்பங்கள், சின்னச் சின்ன வீடுகள். அதே நகரத்தில் அலமோ ஹைட்ஸ் வசதியான பகுதி. எட்ஜ்வுட்காரர்கள் வரி கட்டாமல் இருந்தார்கள் என்று நினைக்காதே. 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் கட்டினார்கள். அலமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான். இருந்தும் 1967-68இல் ஒரு பிள்ளைக்கு எட்ஜ்வுட்டில் ஊர்ப் பணம் 26 டாலர், அலமோ ஹைட்ஸில் 333 டாலர். வீட்டுக்கு மதிப்பே இல்லையென்றால் வரியை எவ்வளவு ஏற்றி என்ன? மாநிலம் 222, 225 என்று இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கொடுத்தது. மத்திய அரசுப் பணம் எட்ஜ்வுட்டுக்கு 108, அலமோ ஹைட்ஸுக்கு 36.

எல்லாம் கூட்டினாலும் 356க்கு 594. பள்ளம் நிரம்பவில்லை. ஆனால் அந்த மூன்று பணத்தில், ஏழையின் பக்கம் நன்றாகச் சாய்ந்தது எது என்று நீயே பார். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற ஒரு தகப்பனும் மற்றப் பெற்றோர்களும் இந்த ஏற்றத்தாழ்வை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய், 1973இல் 5க்கு 4 என்று தோற்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி அந்த மத்திய அரசுப் பணத்துக்கு வருகிறேன். ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கென்றே பணம் ஒதுக்கும் சட்டத்தில் 1965 ஏப்ரல் 11 அன்று கையெழுத்திட்டவர் அப்போதைய ஜனாதிபதி லிண்டன் ஜான்சன். வெள்ளை மாளிகையில் வைத்து அல்ல, டெக்சஸில் தான் படித்த சின்னப் பள்ளிக்கூடத்தின் வாசலில், தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த கேட் லோனி டீச்சரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. இளம் வயதில் கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிகோ வழிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர் அவர். காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை ஜனாதிபதியான பிறகும் மறக்கவில்லை. வியட்நாம் போரை நினைத்தால் அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம்தான் வரும். இந்த விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்தச் சட்டத்தின் முதல் பகுதிதான் உன் ஸ்டிக்கரில் இருக்கும் 'டைட்டில் 1'. ஒரு பள்ளியில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், அந்தப் பணத்தைப் பள்ளி முழுவதற்கும் செலவழிக்கலாம். பள்ளிக்கு வருகிற பணம் அது, உன் நெற்றியில் ஒட்டிய சீட்டு இல்லை.

என் சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறது, தெரியுமா? அரைவட்ட மேசையில் நடுவில் நான், சுற்றி ஐந்து வாண்டுகள். வகுப்பில் வாசிப்பில் பின்தங்கியவர்கள். ஒருத்தி எழுத்துக்கு எழுத்து விரலை நகர்த்தி வாசிப்பாள். விரல் நின்றால் நானும் நிற்பேன். வருஷத்துக்கு இரண்டு தடவை, என் வேலை நேரம் முழுக்க இந்தத் திட்டத்துக்கே போனது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன். அத்தனை கெடுபிடி. இன்னொரு விதி எனக்குப் பிடித்தது. மாநிலமும் ஊரும் தம் பங்கைப் போட்ட பிறகு அதற்கு மேல்தான் இந்தப் பணம் விழ வேண்டும். இலையில் சோறு அவர்கள் போட வேண்டும், இது மேலே விடும் நெய். நெய் வருகிறதே என்று சோற்றைக் குறைத்தால் தப்பு.

டீச்சர்களுக்கு என்ன என்று கேட்பாய். பயிற்சிக்கென்று அதே சட்டத்தில் இரண்டாம் பகுதி இருக்கிறது. வசதி குறைந்த பள்ளியில் தொடர்ந்து ஐந்து வருஷம் பாடம் எடுத்த கணக்கு, அறிவியல் டீச்சருக்கு மத்திய அரசின் கல்விக் கடனில் 17,500 டாலர் வரை தள்ளுபடி உண்டு. கைக்காசைப் போட்டு வகுப்புக்கு வாங்கும் பென்சிலுக்கும் பேப்பருக்கும் ஓர் அளவு வரை வருமானத்தில் கழித்துக் காட்டலாம். கழிவுதான்டா, போட்ட காசு முழுவதும் கைக்குத் திரும்பி வராது!

மத்திய அரசின் பள்ளி மதியச் சாப்பாட்டுத் திட்டமும் 1946லிருந்து வருகிறது. அதைப் பார்த்துக்கொள்வது கல்வித் துறை இல்லை, விவசாயத் துறை. உன் கேன்டீனில் எல்லாரும் நம்பரைத் தட்டிவிட்டுத் தட்டை எடுக்கிறீர்களே, யார் காசு கொடுக்கிறார்கள், யார் கொடுக்கவில்லை என்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான்.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். மாற்றுத்திறன் பிள்ளைகளையும் பொதுப் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்று 1975இல் சட்டம் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருகிறோம் என்றது வாஷிங்டன். ஒரு வருஷம்கூட அதை எட்டியதில்லை; இப்போது கிடைப்பது அதில் பாதிகூட இல்லை. பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது, மிச்சத்தை ஊர்தான் தேட வேண்டும். 2025 ஜூலையில் டீச்சர் பயிற்சிக்கும், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கும், கோடை வகுப்புகளுக்கும் வர வேண்டிய 600 கோடி டாலருக்கு மேற்பட்ட பணத்தை நிறுத்தி வைத்து, மாதக் கடைசியில்தான் முழுவதுமாக விட்டார்கள். பள்ளி திறக்கப் போகிற நேரம் அது.

சனிக்கிழமை வரும்போது லேப்டாப்பைக் கொண்டு வா. அந்த ஸ்டிக்கரைச் சுரண்டி வைக்காதே. வருஷக் கடைசியில் கணக்கெடுக்கும்போது அதில் இருக்கும் நம்பரைத்தான் தேடுவார்கள். போன வருஷம் ஒன்று குறைந்து, அரை நாள் தேடினோம். கடைசியில் பார்த்தால் என் அரைவட்ட மேசைக்கு அடியில், ஒரு வாண்டின் ஸ்வெட்டருக்குள் சுருட்டிக் கிடந்தது.

அன்புடன்,
அத்தை