கணக்கு மடிக்கணினியும் கோடை வெப்பமும்

போடியில் ஏலக்காய்க் கணக்கு முழுவதும் மடிக்கணினியில் இருக்கையில், அது சூடானால் வணிகருக்குக் கலக்கமே. ஹார்டு டிஸ்க் பொதுவாக 5 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை இயங்கத் தக்கது. ஏறத்தாழ ஏலக்காய் உலர்த்தும் அறையின் சூடுதான் அதன் மேல் எல்லை!

கூகுள் நிறுவனத்தார் லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவு: மிதமான சூட்டால் பழுது கூடவில்லை, மூன்றாண்டு கடந்த டிஸ்குகள் மிகையாகச் சூடேறியபோதே கூடியது. ஆகவே பழைய கணினி வைத்திருப்போர்தான் முதலில் கவனிக்க வேண்டும். டிஸ்கின் வெப்பத்தைக் காட்டும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 50-ஐத் தொட்டால், கணினி எதன் மேல் இருக்கிறதென்று பாருங்கள். சாக்கு மூட்டை அடிப்புறக் காற்றுத் துளைகளை அடைத்துவிடும், பலகை நல்லது.

சூடேறாத டிஸ்கும் பழுதாவதுண்டு. கடை அடைக்குமுன் கணக்கைப் பென் டிரைவில் நகலெடுத்து, அதை வீட்டில் வையுங்கள்.