எந்த ஜீனும் எந்த ஜீனையும் அடக்குவதில்லை

அன்புள்ள எழிலுக்கு,

ஆறு விரல் ஓங்கு பண்பு என்றால் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு ஆறு விரல் இருக்க வேண்டாமா என்று கேட்டிருந்தாய். வகுப்பில் இதைக் கேட்டதற்கு, “சிலபஸில் இல்லாததைக் கேட்காதே” என்று உட்கார வைத்துவிட்டார்களாம். போகட்டும். இதே சந்தேகம் 1908-ல் லண்டனில் உட்னி யூல் என்ற புள்ளியியல் அறிஞருக்கும் வந்தது. ஆறு விரலுக்குப் பதில் குட்டை விரலை அவர் எடுத்துக்கொண்டார். பதில் சொல்ல வேண்டியிருந்தவர் பன்னெட். உன் நோட்டில் கட்டம் கட்டமாகப் போட்டு வைத்திருக்கிறாயே, அந்தக் கட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்தான். அவருக்கே விடை பிடிபடவில்லை. கேம்பிரிட்ஜில் தன்னோடு கிரிக்கெட் ஆடும் கணித நண்பரிடம் கொண்டுபோனார்.

அந்த நண்பர் ஜி. எச். ஹார்டி. ஆமாம், நம் ராமானுஜன் 1913-ல் சென்னையிலிருந்து கடிதம் எழுதினாரே, அதே ஹார்டி. தன் கணிதம் உலகத்துக்கு எந்தப் பயனும் தந்ததில்லை என்று ‘ஒரு கணிதனின் தன்விளக்கம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகமே எழுதிப் பெருமைப்பட்டுக்கொண்டவர். கல்லூரி நாட்களில் அதைப் படித்துவிட்டு, இப்படியும் ஒரு மனிதரா என்று வியந்திருக்கிறேன். இன்று மரபியல் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அவர் பெயரை மனப்பாடம் செய்கிறது. எண் கோட்பாட்டில் அவர் செய்ததைப் படிப்பவர்கள் எத்தனை பேர்? ‘சயன்ஸ்’ இதழுக்கு அவர் எழுதிய சிறு கடிதத்தில் இருந்தது பெருக்கல் கணக்குதான். அதே ஆண்டு ஜனவரியிலேயே ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர் வைன்பெர்க் இதைச் சொல்லியிருந்தார். அவர் ஜெர்மனில் எழுதியதால் ஆங்கில உலகம் பல காலம் கண்டுகொள்ளவில்லை.

கணக்கு இதுதான். ஓர் ஊரில் ஆயிரம் பேர். ஒரு ஜீனுக்கு ஆளுக்கு இரண்டு பிரதி, ஆக 2,000. அதில் ஆறு விரல் பிரதி இரண்டே இரண்டு, இரண்டு பேரிடம் ஒவ்வொன்று என்று வைத்துக்கொள். அவர்கள் கட்டிக்கொள்வது அநேகமாக ஐந்து விரல்காரர்களைத்தான். ஆளுக்கு இரண்டு குழந்தை பிறந்தால், சராசரியாக ஒரு குழந்தைக்கு அந்தப் பிரதி போகும். அடுத்த தலைமுறையிலும் இரண்டுதான். மெண்டலின் பட்டாணியில் ஓங்கு பண்பு 3:1 என்று வந்ததற்குக் காரணம் அவர் தோட்டத்தில் இரண்டு வகைப் பிரதிகளும் பாதிக்குப் பாதி இருந்தது. அது கலப்புச் செடி தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும்போது வரும் விகிதம். ஊரின் விகிதம் இல்லை. (ஆறு விரல் பிரதி இருந்தும் ஐந்து விரலோடு பிறப்பவர்களும் உண்டு. அதை இப்போது கிளறாதே.)

ஆனால் உன் கடிதத்தில் என்னைக் குத்தியது கேள்வி அல்ல, அதற்கடுத்த வரி. “ஓங்கு ஜீன் பலமானது, ஒடுங்கு ஜீனை அடக்கிவிடும்.” இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எல்லோரும்தான். கைடுகளில் இருக்கிறது, பத்திரிகைகளில் இருக்கிறது, படித்தவர்கள் பேச்சிலும் இருக்கிறது. ஜீன்களை மல்யுத்தக்காரர்களாக நினைத்தால் பிறகு எதுவும் விளங்காது.

மெண்டலின் பட்டாணிக்கே வருவோம். உருண்டை 5,474, சுருங்கியது 1,850. எண்ணிப் பார்த்து விகிதம் கண்டவர் மெண்டல். ஆனால் ஒரு பட்டாணி ஏன் சுருங்குகிறது? அதற்கு 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் நார்விச்சில் ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் அந்த ஜீனைப் பிரித்தெடுத்துப் படித்தார்கள். மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளில் கிளை ஒட்டும் ஒரு நொதியை அது உருவாக்குகிறது. சுருங்கிய வகையில் அந்த ஜீனின் நடுவே சுமார் 800 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டிருந்தது. இடம்விட்டு இடம் தாவும் துண்டுகளின் இனம் அது. அவ்வளவுதான். ஜீன் கெட்டுப்போனது, அந்த நொதி உருவாவதில்லை.

பிறகு நடப்பதைக் கவனி. கிளை ஒட்ட ஆளில்லாததால் சர்க்கரை மாவுச்சத்தாக மாறுவது குறைகிறது. விதைக்குள் சர்க்கரை தங்குகிறது. சர்க்கரை இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வரும். சவ்வூடு பரவலைப் போன வருஷமே படித்திருப்பாய். இளம் விதை நீர் கோத்துப் பருக்கிறது. முற்றிக் காயும்போது அந்த நீர் போய்விட, உள்ளே வற்றியதற்கு ஏற்பத் தோல் சுருங்க முடியாமல் மடிந்துபோகிறது. இனிப்பும் இதனால்தான். பச்சைப் பட்டாணிக்கென்று பயிரிடும் ‘ஆர்கெல்’ ரகத்தின் விதை காய்ந்தால் சுருங்கித்தான் இருக்கும். சமையலறையில் யாரும் அதை ஒடுங்கியது என்று ஒதுக்கவில்லை.

இப்போது கலப்பு விதையைப் பார். ஒரு நல்ல பிரதி, ஒரு பழுதான பிரதி. நல்ல பிரதி தன் வேலையைச் செய்கிறது. பழுதானது சும்மா இருக்கிறது. கிடைக்கும் நொதி குறைவுதான், ஆனால் விதை உருண்டையாக அதுவே போதும். கிணற்றில் இரண்டு மோட்டார் இருந்து ஒன்று ரிப்பேரானாலும் வயல் விளைகிறது. அதைப் பார்த்து ஓடுகிற மோட்டார் ரிப்பேரான மோட்டாரை அடக்கிவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான். அதே 1908-ல் டார்பிஷைர் என்ற ஆங்கிலேயர் பட்டாணியை வெட்டி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தார். உருண்டை விதையின் மாவுமணிகள் பெரிதாக, வழவழவென்று, முட்டை வடிவில் இருக்கும். சுருங்கிய விதையில் ஒவ்வொரு மணியும் பல துண்டுகளாகப் பிளந்து கிடக்கும். கலப்பு விதையை வெளியிலிருந்து பார்த்தால் அப்பழுக்கில்லாத உருண்டை. உள்ளே மாவுமணிகளோ இரண்டுக்கும் இடைப்பட்டவை! அதே விதையின் டி.என்.ஏ.வை இன்று சோதித்தால் இரண்டு பிரதிகளும் அருகருகே தெரியும். ஆக, கண்ணால் பார்த்தால் முழு ஓங்குதன்மை, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நடுத்தரம், டி.என்.ஏ.வில் பார்த்தால் இரண்டும் சமம். விதை ஒன்றுதான், ஜீனும் ஒன்றுதான். ஓங்குதன்மை ஜீனுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் குணமாக இருந்தால் இப்படி இடத்துக்கு இடம் மாறுமா? எந்தத் தளத்தில் நின்று பார்க்கிறாய் என்பதைப் பொறுத்தது அது. இந்த ஒன்று மண்டையில் ஏறினால் போதும், மீதியை நீயே படித்துக்கொள்வாய்.

அரிவாள் செல் சோகையும் அப்படியே. ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின். 1950-களில் இங்கிராம் என்ற ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்தார். நோய் என்று பார்த்தால் ஒடுங்கு பண்பு. ரத்தத்தில் இருக்கும் புரதம் என்று பார்த்தால் இரண்டு வகையும் தெரியும். மலேரியாவிலிருந்து பாதுகாப்பு என்று பார்த்தால், ஒரு பிரதியே காப்பாற்றுவதால், ஓங்கு பண்பு. இது ஆப்பிரிக்காவின் நோய் மட்டும் என்று நினைக்காதே. நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம் 1952-லேயே இது பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் ஒரு பிரதி இன்னொன்றைக் கெடுப்பதே கிடையாதா என்று மடக்குவாய். உண்டு. எலும்பில் இருக்கும் கொலாஜன் மூன்று இழை முறுக்கிய புரதம். ஓர் இழை கோணலானாலும் முறுக்கு முழுவதும் கெடும். அங்கே பழுதான பிரதியே ஓங்கு; எலும்பு நொறுங்கும் நோய் வருகிறது. அங்கேகூட மோதிக்கொள்வது புரதங்கள்தான், ஜீன்கள் இல்லை. பலமானது, நல்லது, அதிகம் பேரிடம் இருப்பது என்ற மூன்றுக்கும் ஓங்குதன்மைக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

பரீட்சையில் இதையெல்லாம் எழுதி மதிப்பெண்ணைத் தொலைக்காதே. கைடில் உள்ளதை எழுதிவிட்டு வா. எனக்கு எழுதும்போது மட்டும் சரியாக எழுது. ரத்தப் பிரிவையே எடுத்துக்கொள். ஏ, பி ஜீன்கள் ரத்த அணுவின் மேல் ஆளுக்கொரு சர்க்கரையை ஒட்டும் நொதிகளை உண்டாக்குகின்றன. ஓ ஜீனில் பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப்போனதால் அந்த நொதி வேலை செய்வதில்லை. ஆனால் நம் ஊர் ரத்த வங்கிகளில் ஓ பிரிவுக்காரர்கள்தான் ஏராளம். இதை வைத்து ஏபி பிரிவு எப்படி உண்டாகிறது, ஓ பிரிவு ஏன் குறையாமல் இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பு. ‘அடக்குகிறது’ என்று ஓர் இடத்தில் கண்டாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா