முதல் துண்டோடு நின்றுபோகும் மிஷின்

கேள்வி: சார், திருவொற்றியூரில் எங்களுக்குச் சின்ன மெஷினிங் பட்டறை இருக்கிறது. அப்பா காலத்து வி.எம்.சி. (புரோகிராம்படி உலோகம் வெட்டும் மிஷின்) ஒன்று, அதற்குப் புரோகிராம் அனுப்ப டாஸில் ஓடும் ஒரு 386 கணினி. இரண்டும் இன்றைக்கும் வேலை செய்கின்றன. ஒரு மோல்டுக்கான புரோகிராமை அப்பா நான்கு துண்டாக ஃப்ளாப்பியில் வைத்திருந்தார். இப்போது கேபிள் வழியாகத் தொடர்ந்து அனுப்புவதால், நான்கையும் ஒரே கோப்பாக்க 'காப்பி' கட்டளையில் பிளஸ் போட்டு ஒட்டினேன். நான்கும் சேர்ந்தால் 1,18,420 பைட் வர வேண்டும், 1,03,266தான் வந்தது. மிஷினும் முதல் துண்டை வெட்டி முடித்ததும் நின்றுவிடுகிறது. ஃப்ளாப்பி கெட்டுவிட்டதா?
— ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஃப்ளாப்பி மேல் பழி போடாதீர்கள். அது கெட்டிருந்தால் டாஸ் படிக்கும்போதே கத்தியிருக்கும். இங்கே இரண்டு கோளாறுகள் ஒன்றாக வந்து உங்களைக் குழப்புகின்றன. அளவு குறைந்தது டாஸின் வேலை. மிஷின் நின்றது, அதற்கு நீங்கள் அனுப்பும் புரோகிராமின் மொழியான ஜி-கோடின் வேலை.

முதலில் அளவு. டாஸுக்கு முன்னால் சி.பி./எம். என்றொரு இயங்குதளம் இருந்தது. 1974இல் கேரி கில்டால் எழுதியது. ஒரு கோப்பு எத்தனை பைட் என்று அதற்குத் தெரியாது, 128 பைட் கொண்ட கட்டுகள் எத்தனை என்று மட்டும்தான் தெரியும். கடைசிக் கட்டில் எழுத்து எங்கே முடிகிறது என்று காட்ட ஒரு குறி வைத்தார்கள். அதுதான் கண்ட்ரோல்-இசட். 1981இல் வந்த எம்.எஸ்.-டாஸ் கோப்பின் அளவைச் சரியாகவே குறித்துவைக்கிறது. ஆனாலும் பழைய வீட்டுப் பழக்கம் போகவில்லை. பிளஸ் போட்டு ஒட்டும்போது, வேறெதுவும் சொல்லாவிட்டால், காப்பி அவற்றை எழுத்துக் கோப்பாகவே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் முதல் கண்ட்ரோல்-இசட்டைப் பார்த்ததும் 'இதோடு சரி' என்று அடுத்ததற்குப் போய்விடும்.

உங்கள் துண்டு ஒன்றின் நடுவில் அந்தக் குறி உட்கார்ந்திருக்கிறது. அப்பா எப்போதோ இரண்டு சிறு கோப்புகளை ஒட்டியபோது முந்தையதன் வால் உள்ளே மாட்டியிருக்கலாம். எந்தத் துண்டு என்று கண்டுபிடிக்க, 'டைப்' கட்டளையால் ஒவ்வொன்றையும் திரையில் ஓட விடுங்கள். டைப்பும் அந்தக் குறியில் நின்றுவிடும். கடைசி வரி புரோகிராம் முடிவைக் காட்டும் எம் 30ஆகவோ % ஆகவோ இல்லாமல், பாதி வெட்டில் நிற்கிற துண்டுதான் ஆள்.

மருந்து: காப்பி என்று அடித்து, இடைவெளி விட்டு ஸ்லாஷ் பி, பிறகு கோப்புப் பெயர்களை பிளஸ் வைத்து வரிசையாக, கடைசியில் இடைவெளி விட்டுப் புதுப் பெயர். ஸ்லாஷ் பி போட்டால் குறியைப் பார்க்காமல் கடைசி பைட் வரை எடுக்கும். கூட்டிப் பாருங்கள், 1,18,420 வந்தாக வேண்டும். புதுப் பெயரை மட்டும் மறந்துவிடாதீர்கள். மறந்தால் எல்லாம் முதல் கோப்பின் வாலிலேயே ஒட்டிக்கொள்ளும், அப்பாவின் மூலப் பிரதி போய்விடும். இந்தக் கட்டளை இன்றைய விண்டோஸிலும் அப்படியே இருக்கிறது. யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ் கிடைத்தால் புதுக் கணினியிலேயே வேலையை முடிக்கலாம். ஒட்டிய பின் நடுவில் இருக்கும் கண்ட்ரோல்-இசட்டை எடிட்டரில் தேடி அழித்துவிடுங்கள். இல்லையென்றால் அனுப்பும்போதும் அங்கேயே தடுக்கி நிற்கலாம்.

ஸ்லாஷ் பி எல்லாவற்றுக்கும் மருந்தில்லை என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொண்ணூறுகளில் ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம். டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்த மூன்று மாதக் கோப்புகளை இப்படி ஒட்டிக் கொடுத்துவிட்டு, டீயும் குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் கூப்பிட்டார்கள்: முதல் மாதம் மட்டும் தெரிகிறதாம். டிபேஸ் கோப்பின் தலையிலேயே எத்தனை பதிவுகள் என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் என்ன ஒட்டினாலும் அது எட்டிப் பார்க்காது. டிபேஸுக்குள் போய் 'அப்பெண்ட் ஃப்ரம்' கொடுத்திருக்க வேண்டும். தப்பு முழுக்க என்னுடையது.

இனி உங்கள் மிஷின். அப்பா ஏன் நான்காக உடைத்தார்? பழைய கன்ட்ரோலரின் நினைவகத்தை மீட்டரில்தான் சொல்வார்கள். துளையிட்ட காகித நாடா காலத்துக் கணக்கு அது. ஒரு அங்குலத்துக்குப் பத்து எழுத்து. 80 மீட்டர் என்றால் ஏறக்குறைய 32 கே.பி. உங்கள் துண்டுகள் சராசரியாக 30 கே.பி. இருப்பதைப் பாருங்கள், அளந்து வெட்டியிருக்கிறார். ஒவ்வொரு துண்டும் தனிப் புரோகிராம் என்பதால் ஒவ்வொன்றின் தலையிலும் % குறியும் ஓ என்று தொடங்கும் புரோகிராம் எண்ணும், வாலில் எம் 30உம் இன்னொரு % குறியும் இருக்கும். எம் 30 என்றால் வேலை முடிந்தது. மிஷின் சொன்னபடி கேட்டிருக்கிறது. நடுவில் வரும் இவற்றையெல்லாம் எடுத்துவிடுங்கள். முதல் துண்டின் தலையும் கடைசித் துண்டின் வாலும் மட்டும் மிஞ்சட்டும்.

இதோடு விட்டால் டூல் உடையும். துண்டின் முடிவில் ஸ்பிண்டிலை மேலே தூக்க ஜி 91 ஜி 28 இசட் 0 என்று எழுதியிருப்பார்கள். ஜி 91 என்றால் அதற்குப் பிறகு வரும் எண்களெல்லாம் 'இருக்கிற இடத்திலிருந்து இவ்வளவு' என்று கணக்காகும். முன்பு எம் 30 வந்ததும் கன்ட்ரோலர் ரீசெட் ஆகிப் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். இப்போது நடுவில் ரீசெட் கிடையாது. அடுத்த துண்டின் முதல் வரியில் ஜி 90 இல்லையென்றால் ஜி 91 அப்படியே தொடரும், டூல் எங்கே போய் இறங்கும் என்று சொல்ல முடியாது. மூன்று ஒட்டுகளிலும் ஜி 90 இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், இல்லையென்றால் ஒரு வரி சேருங்கள். எம் 05 போட்டு ஸ்பிண்டிலை நிறுத்தியிருந்தால், அடுத்த துண்டில் அதை மறுபடி சுழற்றும் எம் 03 வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் பக்கத்துக் கடல் காற்றில் ஃப்ளாப்பிக்குள் பூஞ்சை பிடிக்கும். டிரைவில் போடுவதற்கு முன் மூடியை நகர்த்தி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் போடாதீர்கள், டிரைவின் ஹெட்டும் சேர்ந்து பாழாகும்.

முதல் ஓட்டத்துக்கு வேலைத்துண்டைக் கழற்றிவிட்டு, இசட் ஆஃப்செட்டை 100 மி.மீ. உயர்த்தி, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். மூன்று ஒட்டும் தாண்டும் வரை கை ஃபீட் ஹோல்டு பட்டன் மேலேயே இருக்கட்டும்.